திறந்தும் திறக்காத கோப்பு

சித்தப்பா 2004இல் தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு ஒரு பழைய பென் டிரைவில் அகப்பட்டது. ஆசையாகத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கொட்டிக் கிடக்கின்றன. “கோப்பு கெட்டுவிட்டது சார்” என்று கையை விரித்துவிட்டார் தெருமுனைக் கணினிக் கடைக்காரர். கெடவில்லை ஐயா, அது பாமினி!

அந்த எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடுகிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. நாமோ பாமினி, வானவில், டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கோர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம்.

சரி, பாமினியை யுனிகோடாக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டேன். தமிழ் வந்தது, கூடவே வினையும் வந்தது. சித்தப்பா நடுநடுவே உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததையும் அந்தப் புண்ணியவான் தமிழென்று நினைத்து அரைத்துவிட்டான். ‘மெயில்’ என்ற ஆங்கிலச் சொல் ‘அயடை’ ஆகிவிட்டது. ‘இஃப்’ வரும் இடமெல்லாம் ‘கை’. வாக்கியத்துக்கு வாக்கியம் கை முளைத்து நிற்கிறது!

நாற்பது பக்கம். மூன்று இரவுகளாகக் கையை வெட்டிக்கொண்டிருக்கிறேன். பதினொன்றாம் பக்கம் தாண்டவில்லை. சித்தப்பாவிடம் தொலைபேசியில் புலம்பினேன்.

“என் கணினியில் நன்றாகத்தானே தெரிந்தது? நீ என்னடா செய்து தொலைத்தாய்?” என்கிறார்.