தொட்டிக்குள் குடித்தனம்

அக்கா: குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டாயா? குளோரின் செவுளை அரித்துவிடுமே!

தம்பி: மணிக்குச் செவுள் கிடையாது அக்கா.

அக்கா: செவுள் இல்லாமல் ஒரு மீனா? சரி, வாங்கிய அன்றே உள்ளே விட்டுவிடாதே. தொட்டி பழக ஒரு மாதமாவது ஆகும். கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற நல்ல பாக்டீரியா வளர வேண்டும்.

தம்பி: கழிவெல்லாம் மரத்தூளில் போய்விடும்.

அக்கா: தண்ணீருக்குள் மரத்தூளா?

தம்பி: மரத்தூள் நனையாது. மணியும் நனையாது.

அக்கா: நனையாத மீனை எந்தப் புண்ணியவான் உன் தலையில் கட்டினான்?

தம்பி: மீன் என்று நான் எப்போது சொன்னேன்? மணி நான் வளர்க்கிற ஹாம்ஸ்டர் எலி!

(அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு கேட்கிற விஷயமா இது?)

தம்பி: தொட்டிக்குள் 20 லிட்டர் பெட்டி. பெட்டிக்குள் மணி. சுவர் முழுவதும் சிலிகோன் படலம். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் உள்ளே வரும், கரியமில வாயு வெளியே போகும், தண்ணீர் மட்டும் புகாது. 1964-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ராப் என்பவர் ஒரு ஹாம்ஸ்டரை இப்படித் தண்ணீருக்குள் வைத்தே காட்டியிருக்கிறார்.

அக்கா: அவர் படலத்தைச் சோதித்தார். நீ எதைச் சோதிக்கிறாய்? மணியிடம் கேட்டாயா?

தம்பி: மீன்களை வேடிக்கை பார்த்தபடி ஜாலியாக...

அக்கா: ஹாம்ஸ்டருக்கு மூக்குக்கு அந்தப் பக்கம் இருப்பதே மங்கல். பகலெல்லாம் தூங்கும்.

தம்பி: இரவில் நீல விளக்கு போடுவேன்.

அக்கா: வறண்ட நிலத்தில் வளை தோண்டி வாழ்கிற இனம். நீல விளக்கு வேண்டுமென்று உன்னிடம் வந்து அழுததா? அது இருக்கட்டும், பெட்டி முதலில் மூழ்குமா?

தம்பி: ஏன் மூழ்காது?

அக்கா: 20 லிட்டர் பெட்டி 20 கிலோ தண்ணீரைத் தள்ளும். மொத்த எடை அதற்கு மேல் இருந்தால்தான் அடியில் நிற்கும். மணி 150 கிராம் தேறினால் அதிகம்.

தம்பி: கல்லைக் கட்டிவிடுகிறேன்.

அக்கா: மணியிடம் கேட்டாயா?

தம்பி: அதற்குப் பேச வராதே அக்கா!

அக்கா: வராததால்தான் இந்தப் பாடு. பூனைக்குக் கண்ணாடி மாட்டுகிறார்கள், நாய்க்குப் பாவாடை கட்டுகிறார்கள், படம் பிடித்துப் போட்டுவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூண்டுச் சக்கரத்தைப் பார். ஓடும்போது முதுகு வில்லாக வளைகிறது. பெரிய சக்கரம் ஒன்று வாங்கித்தர ஆளில்லை, கடலடி மாளிகை கட்டித்தர ஆள் இருக்கிறது!

(மணி அப்போதுதான் விழித்தது. இரண்டு கன்னங்களும் தோள்வரை புடைக்க விதைகளைத் திணித்துக்கொண்டு, அதே சின்னச் சக்கரத்தில் ஏறப் பார்த்தது.)

தம்பி: பெட்டிக்குள் பெரிய சக்கரமே வைக்கிறேன், போதுமா?

அக்கா: படலத்தைக் கடித்துவிட்டால்?

தம்பி: மணி கடிக்காது.

அக்கா: உன் சார்ஜர் ஒயரைக் கடித்தது யார், மீனா?

தம்பி: சரி, உள்பக்கம் சுற்றிலும் கம்பி வலை அடித்துவிடுகிறேன்.

அக்கா: ரொம்ப நல்லது. மரத்தூள் இருக்கிறது, பெரிய சக்கரம் இருக்கிறது, சுற்றிலும் கம்பி வலையும் வந்தாயிற்று. இனி அந்தத் தண்ணீரை மட்டும் கொட்டிவிடு.