சைக்கிள் டைனமோவும் அத்தானின் பல்கனியும்

ஜேர்மனியில் இருக்கிற அத்தான் போன கிழமை வீடியோ கோலில் தன் பல்கனியைக் காட்டினார். கம்பியில் இரண்டு சோலார் பனல். அதிலிருந்து வந்த வயர் சுவரில் இருக்கிற பிளக்கில் செருகியிருந்தது. அவ்வளவுதான். "நானே பூட்டினனான். ஒரு சனிக்கிழமை பின்னேரம், ரெண்டு மணித்தியாலம். நீ என்னத்துக்குக் கொம்பனிக்காரருக்குக் காசை அள்ளிக் குடுக்கப் போறாய்? டைனமோ சுத்தின ஆக்கள்தானே நாங்கள்?"

கூரையில் சோலார் போடக் கொம்பனியைக் கூப்பிடப்போகிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். அந்தக் கடைசி வசனம் என்னை ஒரு கிழமையாகச் சும்மா இருக்க விடவில்லை.

1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றபோது எனக்குப் பதினைந்து வயது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்தில் படித்த கூட்டம் நாங்கள். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். பிபிசி தமிழோசை கேட்பதற்காகவே வேலிக்கு மேலால் பாய்ந்து வருவார் பக்கத்து வீட்டு அண்ணை. (செய்திக்கு மட்டும்தான் வந்தார் என்று வீட்டில் எல்லாரும் நம்பினோம். அக்காவை அவர் கட்டியது பிறகுதான்.) ஆகவே "எங்களால் ஏலாதா" என்று அத்தான் கேட்டால் உடம்பில் ஒரு சூடு ஏறத்தான் செய்யும்.

ஆனால் அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். நான் இப்போது கூரையில் போட நினைப்பது 5 கிலோவாற். அதைவிடப் பெரிய வித்தியாசம், சூரியனின் பெடலில் இருந்து காலை எடுக்க ஒருவராலும் முடியாது. வீட்டு மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாலும் பனலில் இருந்து இன்வேட்டர் (பனலின் டீசி கரண்டை வீட்டு ஏசி கரண்டாக மாற்றுகிற பெட்டி) வரைக்கும் வருகிற வயரில் பகல் முழுக்க மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். ஒரு பெரிய பனல் கிட்டத்தட்ட 50 வோல்ற். பத்தைத் தொடராகக் கோர்த்தால் 500. அதுவும் டீசி, ஒரே திசையில் ஓடுகிற கரண்ட். வீட்டுக்கு வருகிற ஏசி கரண்ட் செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்தைத் தொட்டுப் போகிறது. அதனால் எங்காவது பொறி பறந்தால் தானாக அணைய ஒரு வாய்ப்பு இருக்கிறது. டீசிக்கு அந்த மூச்சுவிடுகிற நேரமே இல்லை. பிடித்த பொறி பிடித்தபடி நின்று எரியும். கூரைக்குக் கீழே பனஞ்சிலாகையும் (பனைமரக் கைமரம்) பழைய றீப்பையும் (ஓடு தாங்குகிற சட்டம்) இருக்கிற வீடுகளில் அது எப்படிப் போய் முடியும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள் அல்லவா, அந்தக் கோபத்தில் இரண்டு 330 வாற் பனல் வாங்கிக் கிணற்றடிக் கொட்டிலுக்கு மேலே நானே பூட்டினேன். தொடராகக் கோர்த்ததில் 90 வோல்ற்றுக்குக் கிட்ட. வேலை செய்தது. அன்றிரவு ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு மனிசியிடம் அடித்த வீம்பு இன்னும் வீட்டில் பழங்கதையாக ஓடுகிறது. பிறகொரு நாள் உச்சி வெயிலில், லோட் ஓடிக்கொண்டிருக்கவே, வயரின் கனெக்டரை இழுத்துக் கழற்றினேன். நீலமாக ஒரு நாக்கு நீண்டது. பிளாஸ்ரிக் உருகி விரலில் ஒட்டியது. தழும்பு இப்பவும் கிடக்கு. 90 வோல்ற்றுக்கே அந்தக் கூத்து.

பற்றறிக் கதை தனி. லொறிப் பற்றறி இரண்டை மலிவாக எடுத்துப் போட்டேன். பத்து மாதத்தில் செத்துப்போயின. லொறிப் பற்றறி எஞ்சினை ஸ்டார்ட் பண்ண ஒரு நொடி பெரிதாகத் தள்ளுவதற்குச் செய்தது. இரவு முழுக்க ஃபேனுக்கு வடித்துக் கொடுத்து விடிய அடிமட்டத்துக்குப் போய் வருவது அதன் வேலையில்லை. இப்போது லித்தியம் அயன் பொஸ்பேற் பற்றறி போட்டிருக்கிறேன். முதல் இரண்டுக்கும் போன காசை பள்ளிக்கூடக் காசு என்று எழுதிவிட்டேன்.

சரி, அத்தானின் பல்கனி? அங்கே 2024 மே மாதம் சட்டத்தை இலகுவாக்கினார்கள். 800 வாற் இன்வேட்டர் வரைக்கும் ஆரும் தாங்களே பிளக்கில் செருகலாம். பனல் ஒன்றோ இரண்டோ, கைக்கெட்டுகிற உயரம், மின்னழுத்தமும் குறைவு. அது நியாயமான சுயவேலை. அதைக் காட்டி என்னை ஓட்டுக்கூரையில் ஏறச் சொல்வது, வாய்க்காலில் நீந்தினவனைப் பாக்குநீரிணைக்கு அனுப்புகிற கதை.

ஓட்டுக்கூரை என்றதும் எனக்கு மின்சாரத்தைவிடப் பெரிய பயம் வருகிறது. 550 வாற் பனல் ஒன்று ஏழரை அடி நீளம், 28 கிலோ அளவில் பாரம். பத்து போட்டால் 280 கிலோ. அதுகூடப் பரவாயில்லை, பாரம் கீழே இழுக்கிறது. காற்று மேலே இழுக்கும். வல்வெட்டித்துறையில் பொங்கலுக்குப் பட்டம் விட்டவனுக்குத் தெரியும், ஆள் உயரப் பட்டம் நாலு பேரைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு போகும். பனலும் காற்றுக்கு ஒரு பட்டம்தான். சோளகக் காற்று கூரைக்கும் பனலுக்கும் இடையில் புகுந்து தள்ளினால், ஆணி றீப்பையில் அடித்ததா, உள்ளே சிலாகையின் வைரம் பாய்ந்த மரத்தில் ஏறியதா என்பதுதான் கேள்வி. யூரியூப்பில் அமெரிக்கன் வீட்டுக் கூரையில் ஏறுகிறவனுக்குப் பனஞ்சிலாகையைப் பற்றி என்ன தெரியும்? கடற்கரைப் பக்கம் என்றால் இன்னொன்று: சாதா இரும்பு ஆணி உப்புக்காற்றில் கரைந்துவிடும். அலுமினியம், துருப்பிடிக்காத உருக்கு என்று கேட்டு வாங்குங்கள். விலையைப் பார்க்காதீர்கள்.

இனி ஆகப் பெரிய ஏமாற்றம். "கூரையில் சோலார் போட்டால் கரண்ட் போகாது" என்று நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முழு நாடும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் என்று சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். நல்ல வெயில். எங்கள் ஒழுங்கையில் 10 கிலோவாற் போட்ட வீட்டிலும் ஃபேன் நின்றது. என் கிணற்றடிக் கொட்டிலின் பழைய பனல் இரண்டும்தான் ஓடின. மின்சார சபையின் லைனோடு கட்டின இன்வேட்டர், லைன் செத்தவுடன் தானும் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற மனிசனுக்கு எங்கள் கூரையில் இருந்து கரண்ட் பாயும். அந்த ஏற்பாடு சரி. ஆனால் அதை விற்கிறவன் சொல்லவேண்டும். கரண்ட் போகிற நேரத்திலும் வெளிச்சம் வேண்டுமென்றால் லைன் இல்லாமலும் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றறியும் வேண்டும், செலவு வேறு. அதே வருடம் சித்திரைப் புதுவருட விடுமுறையில் பகலில் கூரைச் சோலாரை நிற்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. ஆலை, கந்தோர் எல்லாம் பூட்டு, எடுக்க ஆளில்லாத கரண்டை லைன் தாங்காது.

அதனால் என் முடிவு இதுதான். சபையின் லைனோடு கட்டுகிற எதையும் நான் தொடமாட்டேன். அதற்கு அனுமதி எடுக்கவேண்டும், மீற்றர் மாற்றவேண்டும், நானே பூட்டினேன் என்று போய் நின்றால் ஒருவரும் கையெழுத்து வைக்கப்போவதில்லை. கிணற்றடியில், நிலத்தில், ஒரு பனல் அல்லது சமாந்தரமாக இரண்டு, 50 வோல்ற்றுக்குள், இரண்டு லைற்றும் ஒரு ஃபேனும் ரவுட்டரும்? தாராளமாகச் செய்யுங்கள். டீசிக்கென்று செய்த பிரேக்கரும் பற்றறிக்குப் பக்கத்தில் ஒரு பியூசும் போட்டுவிட்டு. பிள்ளைகளையும் கூட வைத்துச் செய்யுங்கள்.

கொம்பனிக்கு விடுகிற வேலையிலும் பாதி என்னுடையதுதான். ஒரு கொம்பனிப் பொடியன் வந்தான். படலையில் நின்றபடியே ஃபோனில் கூரையைப் படம் எடுத்து, பத்து நிமிடத்தில் விலை சொல்லிவிட்டான். தெற்கு வேலியோடு நிற்கிற இரண்டு பனையையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறுபது அடிப் பனைக்கு மார்கழியில் உச்சிப்பொழுதிலும் கிட்டத்தட்ட நாற்பது அடி நிழல் வடக்கே விழும், நேரே என் கூரையில். தொடரில் ஒரு பனலில் நிழல் விழுந்தால் முழு வரிசையின் உற்பத்தியிலும் கை வைக்கும். பனையைத் தறிக்கச் சொல்லுவான் என்று பயந்தேன், அதுகூடச் சொல்லவில்லை. ஒரு வருடம் முழுக்க எங்கே எந்த மாதம் நிழல் என்று எனக்குத்தான் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும்? அதோடு, கழுவுகிற வேலையும் நாங்கள்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு கண்ணாடியிலும் படியும். விடியவே கழுவி, காயமுன் துடைக்கவேண்டும். மழைத்தண்ணி சேர்த்து வைத்தால் இன்னும் நல்லது.

நேற்று அந்தப் பொடியனைத் திரும்பக் கூப்பிட்டேன். "தம்பி, ஏறிப் பார்த்துவிட்டு விலை சொல்லும்" என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "ஏணி இருக்கோ அண்ணை?" என்றான். நல்ல பிள்ளை, ஏறினான். நாலு ஓட்டைக் கிளப்பிப் பார்த்தான். நானும் கீழே வீட்டுக்குள் இருந்து டோர்ச் அடித்தேன். தெற்குப் பக்கம் மூன்றாவது சிலாகையில் விரலை வைத்தால் விரல் உள்ளே போகிறது. செல்லரித்து உள்ளே வெறும் தூள்.

வியாழக்கிழமை தச்சர் வாறார். பனல் அதுக்குப் பிறகுதான். அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை.