வேலை பார்க்கிறவனுக்கு ஒரு விண்டோஸ் கொடுங்கள்

விண்டோஸ் 11 வேகமா மெதுவா என்கிற சண்டைக்கு நான் வரவில்லை. எஸ்எஸ்டியும் 16 ஜிபி ராமும் இருந்தால் நன்றாகவே ஓடும். என் ஆத்திரம் வேறு. தொழில் செய்கிறவர்களுக்கான பதிப்புக்கு 'புரோ' என்று பெயர் வைத்து, வீட்டு உபயோகத்துக்கான 'ஹோம்' பதிப்பைவிடக் கூடுதலாகக் காசும் வாங்குகிறார்கள். ஆனால் காலையிலிருந்து ராத்திரிவரை அதில் உட்கார்ந்து பிழைப்பவனை யாரும் மனதில் வைத்துச் செய்ததாகவே தெரியவில்லை.

ரைட் கிளிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் ஆபீசிலும் டிடிபி சென்டரிலும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதை அழுத்துவார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. கட், காபி, ரீநேம், டெலீட் எல்லாம் வருஷக்கணக்கில் எழுத்தில் இருந்தன. பார்க்காமலே கை போய் நிற்கும். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது அவற்றைப் பெயரில்லாத குட்டிப் படங்களாக்கினார்கள். மெனு கீழ்நோக்கித் திறந்தால் படங்கள் உச்சியில், மேல்நோக்கித் திறந்தால் அடியில். பழைய சாஃப்ட்வேர்கள் சேர்த்த கட்டளைகள் பல 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்ற இன்னொரு கிளிக்குக்குப் பின்னால் போய்விட்டன. அந்தப் படங்களுக்குக் கீழே பெயர் எழுத 2024 வரை ஆயிற்று!

டாஸ்க்பாரிலும் இதே கதைதான். நாலு எக்செல் ஃபைலைத் திறந்துவைத்து ஒப்பிடுகிறவனுக்கு ஒவ்வொன்றும் பெயரோடு தனித்தனியாகத் தெரிய வேண்டும். விண்டோஸ் 10-இல் இருந்த அந்த வசதியை எடுத்துவிட்டு, 2023-இல் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம்கூடப் பழகிக்கொள்ளலாம். அக்கவுண்ட் விஷயத்தைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. கணினியை முதலில் அமைக்கும்போது புரோவிலும் சொந்த உபயோகம் என்று தேர்ந்தெடுத்தால், 2022-லிருந்து இன்டர்நெட்டும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டும் கேட்கிறது. மூன்று பேர் மாறிமாறி உட்காரும் கணினிக்கு யாருடைய மெயில் ஐடியைக் கொடுப்பது? வேலையை விட்டுப் போகிறவருடையதையா? அப்படி அக்கவுண்ட் போட்ட கையோடு டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்கு ஏறுவதற்கான வழியும் திறந்துவிடுகிறது. கிளையன்ட்டின் பான் கார்டும் பேங்க் ஸ்டேட்மெண்டும் இருக்கிற ஃபோல்டர் அது. எங்கே வைப்பது என்பதை ஆபீஸ்காரன்தான் தீர்மானிக்க வேண்டும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திப்போகும் அவசரத்தில் அது முடிவாகக் கூடாது.

இத்தனைக்கும் வெளியே போக வழியில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறார்கள். 2017-இல் ஆசையாய் வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ7, சில விதிவிலக்குகள் தவிர, பட்டியலிலேயே இல்லை. டேலியும் எக்செல்லும் அதில் இன்றைக்கும் அலுங்காமல் ஓடும்.

கடுப்பு எங்கே என்றால், ஒழுங்கான விண்டோஸ் அவர்களிடமே இருக்கிறது. எல்டிஎஸ்சி என்று பெயர், நீண்டகாலம் மாறாமல் இருக்கும் பதிப்பு. ஸ்டோர் ஆப் குப்பை கிடையாது, புதுப்புது அம்சங்களைத் திணிப்பது கிடையாது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். 2024 பதிப்புக்கு ஐந்து வருட ஆதரவு. ஆனால் அது மருத்துவக் கருவிகள், தொழிற்சாலை இயந்திரங்கள் மாதிரியான இடங்களுக்காம். நிறுவனங்களோடு மொத்தமாக ஒப்பந்தம் போடும் வால்யூம் லைசன்ஸில்தான் கொடுப்பார்களாம். மூன்று கணினி வைத்திருக்கும் ஆபீஸ் கடைக்குப் போய் ஒரு காப்பி கேட்டு வாங்கிவர முடியாது.

அதைக் கடையில் விலை போட்டு விற்கட்டும். புரோவைவிட அதிகம் கேட்டாலும் கொடுக்க நான் தயார்.