மூக்கழகு போதும் ஐயா, விஷயத்துக்கு வாருங்கள்!

ஆபீஸில் மகளிர் தினம். ரோஜாப்பூ, கோலப்போட்டி, அப்புறம் சிறப்புரை. உங்கள் ஆபீஸிலும் இதே கூத்துதான் நடந்திருக்கும்.

சிறப்பு விருந்தினர் திரையில் அந்தக்கால ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரின் படத்தைப் போட்டதும் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. ஆரம்பித்தார். கண்ணழகு. அடுத்த படம், மூக்கழகு. அடுத்து ஹாலிவுட் பெருமை. அடுத்து ஆறு கல்யாணம். ஆறு மாப்பிள்ளைகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்தார் மனுஷன், பந்தக்கால் நட்டவரே இவர்தான் என்பதுபோல! "அப்புறம் முக்கியமான விஷயம்..." என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தார். மறுபடியும் மூக்கு. கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகான பெண்மணிதான் வைஃபையைக் கண்டுபிடித்தார்!" கைதட்டல்.

ஐயா, அவர் வைஃபையைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், ரேடியோவால் இயக்கும் டார்பிடோவை, அதாவது கப்பலைத் தாக்க நீருக்கடியில் பாயும் குண்டை, எதிரி தடுக்காமல் இருக்க வழி கண்டார். ஒரே அலைவரிசையில் கட்டளை போனால், அதில் இரைச்சலைப் போட்டே எதிரி கெடுத்துவிடுவான். அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் சேர்ந்தே அலைவரிசை மாறி மாறித் தாவினால்? தானியங்கிப் பியானோவில் ஓடும் ஓட்டை போட்ட காகிதச் சுருள்தான் இரண்டுக்கும் தாளம். பியானோ கட்டைகள் போலவே 88 அலைவரிசைகள். இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் அவரும் சேர்ந்து வாங்கிய காப்புரிமை, 1942 ஆகஸ்ட். அதில் ஹெடி லமார் என்ற பெயர்கூட இல்லை. ஹெடி கீஸ்லர் மார்க்கி என்றுதான் இருக்கிறது.

இதைச் சொல்ல ஒரு மூக்கு நேரம் போதுமே!

அமெரிக்கக் கடற்படை அதைப் பரணில் போட்டது. அம்மணி போர்ச் செலவுக்குப் பணம் திரட்டும் பத்திரம் விற்கப் போனார். அங்கே மட்டும் அந்த முகம் உடனே தேவைப்பட்டது. 1959இல் காப்புரிமை காலாவதி. காலணா வரவில்லை. விருது என்று ஒன்று வந்தபோது 1997, அவருக்கு வயது 82. இன்றைக்கு ப்ளூடூத் 79 அலைவரிசைகளில் நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டிருக்கிறது. நம் சிறப்பு விருந்தினரோ இன்னும் மூக்கிலேயே நிற்கிறார்.

நன்றியுரையில் எங்கள் மேலாளர், "நம் ஆபீஸிலும் அழகான திறமைசாலிகள் உண்டு" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, வேறென்ன செய்வது. நாற்காலிகளை அடுக்கி வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

அதிருக்கட்டும். இரண்டாம் மாடி பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் பொங்கலுக்கே உடைந்தது, இன்னும் மாற்றவில்லை. ரோஜாவுக்குக் காசு இருக்கிறதாம்!