ஒக்சிஜன் சென்சரைக் கழற்றினால் பெற்றோல் மிச்சமாகுமா?

"எஞ்சின் லைட் எரிந்தால் ஒக்சிஜன் சென்சர் வயரைக் கழற்றிவிடுங்கள், பெற்றோல் மிச்சம்" என்று ஒரு வட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. புகையில் எவ்வளவு ஒக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று அந்தச் சென்சர் சொல்வதை வைத்துத்தான் காரின் கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. அது இல்லாவிட்டால் குத்துமதிப்பாக, பெரும்பாலும் கூடுதலாகவே விடும், எரியாமல் போகும் மிச்சம் புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிற்றிக் கொன்வேட்டரையும் கெடுக்கும் (அதன் விலை தெரியும்தானே). லைட்டும் அணையாது. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்ளலாம்.

சந்தேகமென்றால் வாகனக் கையேட்டைப் பாருங்கள், ஸ்கேனர் போட்டு என்ன பழுதுக் கோட் வருகிறது என்றும் பாருங்கள். சென்சர்தான் பழுதென்றால் சரி, எஞ்சின் ஆறியபிறகு வீட்டிலேயே மாற்றலாம், பெரும்பாலும் 22 மில்லிமீற்றர் ஸ்பெனர் போதும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது செசி நம்பரைக் கொடுத்துப் பொருத்தம் பாருங்கள். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.