ஹாரன் அடித்தால் சிங்கம் எழுந்து சலாம் போடுமா?

தூங்குகிற சிங்கத்தைப் பார்த்து ஹாரன் அடிக்கிற ஆட்களை என்னவென்று சொல்வது? சொந்தக் காரில் உட்கார்ந்தபடியே விலங்குகளைப் பார்க்கலாம் என்று குடும்பத்தோடு சஃபாரி பூங்காவுக்குப் போனோம். வீடு திரும்பிய பிறகும் என் காதில் ஹாரன் சத்தம்தான் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

சாலையை ஒட்டிய மரத்தடியில் ஓர் ஆண் சிங்கம் மல்லாந்து படுத்திருந்தது. முன்னங்கால்கள் நெஞ்சின்மேல் மடிந்து கிடந்தன. வயிறு ஏறி இறங்குவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஈ வந்து உட்காரும்போதெல்லாம் ஒரு காது மட்டும் வெடுக்கென்று ஆடும். என் மகள் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு, “இதோ, இப்போது ஆடும் பார்” என்று தம்பிக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக் காரிலிருந்து நீளமாக ஒரு ஹாரன். சிங்கம் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடியும் ஹாரன். அதற்கும் முன்னால் நின்றவருக்கு என்ன ரோஷம் வந்ததோ, அவரும் சேர்ந்துகொண்டார். சிங்கம் எழுந்தது. வரிசையை ஒருமுறை பார்த்தது. புதருக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் காத்திருந்த அத்தனை குழந்தைகளுக்கும் புதர்தான் மிச்சம்.

சிங்கம் ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் பிராணி. காட்டிலும் அப்படித்தான். வேட்டையெல்லாம் பெரும்பாலும் இரவில். வெயில் ஏறிவிட்டால் நிழல் தேடிப் படுத்துவிடும். வயிறு நிறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பூங்காவிலோ இறைச்சியைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். துரத்துவதற்கு மான் இல்லை, விரட்டுவதற்கு எதிரி இல்லை. பிறகு எதற்காக அது நண்பகலில் எழுந்து உலாவ வேண்டும்? உங்கள் கைப்பேசிக்காகவா? சிவிங்கிப்புலி இருந்த பகுதியிலும் இதே கூத்துதான். ஓடுகிறதா பார்க்கலாம் என்று கதவைத் தட்டுகிறார்கள், கைதட்டுகிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய விலங்குதான். ஆனால் அந்த வேகத்தில் அதனால் ஒரு நிமிடம்கூட ஓட முடியாது; ஓடி முடித்தால் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும். யாரோ கைதட்டினார்கள் என்பதற்காக அது ஏன் தன் சக்தியைக் கொட்ட வேண்டும்?

இந்த ஹாரன் விஷயத்தில் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது வேறொன்று. வண்டி பழுதாகிவிட்டால், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், கீழே இறங்காமல் ஹாரன் அடித்துக் காவலரை அழைக்க வேண்டும் என்பது இப்படிப்பட்ட பூங்காக்கள் பலவற்றில் உள்ள விதி. எங்களுக்கு நுழைவாயிலில் கொடுத்த தாளிலும் அது அச்சிட்டிருந்தது. அதாவது ஹாரன் என்பது அங்கே உதவி கேட்டுப் போடும் கூக்குரல். அந்தச் சத்தத்தைக் கேட்டு ரோந்து ஜீப் புழுதி பறக்க வந்து நின்றது. வெள்ளைக் காரோட்டி கையை வெளியே நீட்டிப் புதரைக் காட்டினார். சிங்கத்தை எழுப்பிவிடச் சொல்கிறார் என்பது மூடிய கண்ணாடிக்குள் இருந்த எங்களுக்கே புரிந்தது. அதே நேரத்தில் பூங்காவின் இன்னொரு மூலையில் யாராவது உண்மையிலேயே மூச்சுத் திணறிக்கொண்டு ஹாரன் அடித்திருந்தால்? நாள் முழுக்க வெட்டி ஹாரன் கேட்டுச் சலித்த காவலர் அதை எப்படிப் பிரித்தறிவார்?

அடுத்து, நடுவழியில் நந்தி போல நிறுத்திக்கொள்கிறவர்கள். பார்ப்பவர்கள் இடது ஓரமாக ஒதுங்கி நிற்கலாம், கடக்க விரும்புகிறவர்கள் வலதுபுறமாகப் போகலாம் என்று கோடு போட்டே வைத்திருக்கிறார்கள். இந்தப் புண்ணியவான்கள் அந்தக் கோட்டின்மேலேயே வண்டியை நிறுத்துகிறார்கள். வரிக்குதிரையைப் படம் எடுக்கிறார்கள். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். பிடிக்கவில்லை என்று மறுபடியும் எடுக்கிறார்கள். வரிக்குதிரை எப்போதோ முதுகைக் காட்டிவிட்டுப் போயிருக்கும். வண்டி மட்டும் நகராது. புலிப் பகுதியிலும் இதே கதைதான். எங்கள் காரில் ஏசி ஓடுகிறது, வண்டி ஓடவில்லை. முன்பக்கமாகக் காற்று வராததால் ரேடியேட்டருக்கு அந்தச் சின்ன மின்விசிறிதான் கதி. வெப்பமானியின் முள் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. ஏசியை அணைத்தால் உள்ளே புழுக்கம். கண்ணாடியை இறக்கலாமென்றால், வெளியே புலி.

அந்த நேரம் பார்த்து என் மகன், “அப்பா, அவசரமாக வருகிறது” என்றான். குழந்தையை வைத்திருக்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. புலிப் பகுதியில் கதவைத் திறக்க முடியாது. முன்னே போக வழியில்லை, பின்னே திரும்ப அனுமதியில்லை. பின் இருக்கையில் என் அம்மா ஒரு காலி தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கிறார். முன்னால் நின்றவரோ குடும்பத்தை ஒவ்வொருவராக ஜன்னலோரம் உட்கார வைத்துப் புலியோடு சேர்த்துப் படமெடுக்கிறார். மாமனாரையும் விடவில்லை.

கண்ணாடியை இறக்குகிறவர்களிடம் வருகிறேன். இவர்களை மன்னிக்கவே முடியாது. “கண்ணாடியைத் திறக்காதீர்கள்” என்று ஆளுயரப் பலகை வைத்திருக்கிறார்கள். அதன் கீழேயே ஒரு பெண்மணி முழங்கை வரை வெளியே நீட்டிக் கைப்பேசியை ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு காரில் கூரைக் கண்ணாடியைத் திறந்து, ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு பிள்ளையை இடுப்பு வரை வெளியே நிறுத்தியிருந்தார்கள். அந்தக் குழந்தையின் செருப்பு அப்பாவின் தோளில், கைகள் காற்றில். “அவர்கள் மட்டும் திறந்திருக்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் கூடாது?” என்று என் மகள் கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வது? மடையர்களுக்குத் தனிச் சலுகை உண்டு என்றா?

விலங்கு பழகிவிட்டது, ஒன்றும் செய்யாது என்று இவர்கள் விளக்கம் வேறு தருகிறார்கள். அது பழகியிருப்பது காரோடு. மூடிய கார் அதற்கு அசைகிற ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கையோ தலையோ முளைத்தால் கணக்கே மாறிவிடும். 2015இல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஒரு சிங்கப் பூங்காவில் திறந்திருந்த கார் ஜன்னல் வழியாகச் சிங்கம் தாக்கி ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். 2016இல் பெய்ஜிங் அருகே பாடாலிங் பூங்காவில் ஒரு பெண் காரை விட்டு இறங்கினார். புலி அவரை இழுத்துச் சென்றது. மகளைக் காப்பாற்றக் கதவைத் திறந்து ஓடிய தாயைப் புலி கொன்றது. உலகமே பார்த்த செய்தி இது. அதே கைப்பேசியில்தான் பார்த்திருப்பார்கள், இப்போது வெளியே நீட்டி ஆட்டுகிற அதே கைப்பேசியில்.

தீனி போடுகிறவர்களைப் பற்றிச் சொன்னால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், ஆனாலும் சொல்கிறேன். மானும் ஒட்டகச்சிவிங்கியும் அசைபோடும் பிராணிகள். இலை, தழை, புல்லைச் செரிப்பதற்கென்றே அமைந்த வயிறு அவற்றுடையது. அதில் ரொட்டியையும் பிஸ்கட்டையும் கொட்டினால் உள்ளே அமிலம் கூடி, செரிமானமே நிலைகுலைந்துவிடும். அளவு மிஞ்சினால் சாவுகூட நேரலாம். ஒட்டகச்சிவிங்கி ஒன்று கழுத்தை வளைத்து எங்கள் கண்ணாடியை நக்கியது. முழம் நீளத்துக்குக் கருநீல நாக்கு, கண்ணாடி முழுக்க எச்சில் கோடு. பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். அன்றைய நாளில் எனக்கும் சிரிப்பு வந்தது அப்போதுதான். ஆனால் அது பாசத்தால் வரவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து பிஸ்கட் வரும் என்று யாரோ அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உறையோடு தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் அதன் குடலில் போய் என்ன செய்யும் என்று யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை.

குரங்குகள் மேல் எனக்குப் புகார் கிடையாது. பபூன் பகுதிக்குள் போனால் வைப்பரைப் பிடுங்கும், ஆன்டெனாவை முறிக்கும் என்று முன்பே எச்சரிக்கிறார்கள். வண்டியின்மேல் ஆசை இருந்தால் சுற்றுவழியில் போங்கள் என்று தனிச் சாலையும் காட்டுகிறார்கள். அதையும் மீறி உள்ளே போய்விட்டு, வெளியே வந்து நஷ்டஈடு கேட்டு ஊழியரின் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டவரும் ஹாரன் அடித்த அதே வெள்ளைக் காரோட்டிதான். அந்தக் குரங்கின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

பூங்கா நிர்வாகத்தையும் நான் விடப் போவதில்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே கார் ஓட்டிக்கொண்டே பார்க்கும் முதல் சஃபாரி பூங்கா 1966இல் இங்கிலாந்தின் லாங்லீட்டில் திறக்கப்பட்டது. விலங்கு திறந்தவெளியில் இருக்கட்டும், மனிதன் பெட்டிக்குள் அடைந்திருக்கட்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. பெட்டியைத் திறந்து வைத்துக்கொள்கிறவனை உள்ளே விட்டால் ஏற்பாடே அர்த்தமில்லாமல் போகிறது. ஒரு கதவு மூடினால்தான் மறு கதவு திறக்கும் என்று சிங்கத்துக்கு இரட்டைக் கதவு போட்டுக் காக்கத் தெரிகிறது. சாலை கொள்ளாத அளவுக்கு டிக்கெட் விற்கவும் தெரிகிறது. விதியை மீறுகிறவனிடம் மட்டும் ஒலிபெருக்கியில் “தயவுசெய்து, தயவுசெய்து” என்று கெஞ்சுகிறார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கெஞ்சுவதை நிறுத்துங்கள். கண்ணாடி இறங்கினால், கூரையில் பிள்ளை முளைத்தால், வேடிக்கைக்கு ஹாரன் அடித்தால், அந்த வண்டியின் எண்ணைக் குறித்து, ஜீப்பை முன்னால் விட்டு நேரே வெளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். கட்டிய பணத்தைத் திருப்பித் தராதீர்கள். வெளியே போகும் வழி பபூன் பகுதி வழியாக இருந்தால் இன்னும் நல்லது.