பினாமி பேரில் நிலம் சரியா?
"யாங்கோன்ல கடை போட உள்ளூர் ஆள் பேர்ல நிலம் வாங்கினா போதும், சட்டப்படி சரிதான்"னு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க அண்ணே. அது தப்பு. மியான்மரோட 1987 சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே நிலம் வாங்க முடியாது, ஒரு வருஷத்துக்கு மேல குத்தகையும் எடுக்க முடியாது. 2016 முதலீட்டுச் சட்டப்படி அனுமதி வாங்கினால் 50 வருஷக் குத்தகை, அப்புறம் ரெண்டு தடவை பத்துப் பத்து வருஷம் நீட்டிப்பு. 2017 கம்பெனிச் சட்டத்துல, வெளிநாட்டுப் பங்கு 35 சதவீதத்தைத் தாண்டாதவரை அது உள்ளூர் கம்பெனிதான்.

சென்னையிலிருந்து வந்த எங்க சித்தப்பா நீங்க சொன்ன மாதிரிதான் கடை வாங்கினார். பத்திரத்துல கூட்டாளி பேர் மட்டும். கூட்டாளி இறந்த மாசமே அவர் பிள்ளைங்க பூட்டை மாத்திட்டாங்க. சித்தப்பா கையில மிச்சம், பணம் கொடுத்த கணக்கு எழுதின நோட்டு ஒண்ணுதான். தயவுசெஞ்சு பதிவைத் திருத்துங்க அண்ணே.